எலும்பு முற்றும் வரை

எனக்கு நாய் பிடிக்காது. இந்த வீட்டில் அது எல்லோருக்கும் தெரியும், நாய்க்கும் தெரியும். வந்த புதிதில் ஐந்து செருப்புகளைக் கடித்துக் குதறியது. அவற்றில் நான்கு என்னுடையவை.

அது வந்தது என் மகளுக்காக. அவள் காலையில் பாகூர் ஏரிக்கரையில் ஓடுகிறவள். அரியாங்குப்பத்தில் ஒரு மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிறவளுக்கு ஓட்டம் எதற்கு என்று கேட்டிருக்கிறேன். ஓடினால்தான் மிச்ச நேரம் யார் மேலும் எரிந்து விழாமல் இருக்கிறேன் என்றாள். அது உண்மைதான். ஒருநாள் இரண்டு பேர் பைக்கில் அவள் பின்னாலேயே மெதுவாக உருட்டிக்கொண்டு கரை முடிகிற வரைக்கும் வந்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். மாப்பிள்ளை அன்றே சட்டம் போட்டுவிட்டார். இனிமேல் தனியாக ஓடக் கூடாது. ஒரு நாய் வாங்கிப் பழக்கி, அது கூட ஓடுகிற அளவுக்கு வந்த பிறகு போகலாம்.

மாப்பிள்ளை எங்கள் வீட்டோடு இருப்பவர். பைக்கில் வந்தவர்களை நினைத்தால் எனக்கும் பயம்தான். ஆனால் என் வீட்டில் சட்டம் போட இவர் யார் என்ற எரிச்சல் அந்தப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. வெளியே சொல்லவில்லை. எனக்கும் அவருக்கும் நடுவில் பேச்சு என்பது, சாப்பிட்டீங்களா, கேட்டைப் பூட்டியாச்சா என்று ஒரு நாளைக்கு ஆறு வாக்கியத்தைத் தாண்டாது.

கரையாம்புத்தூரில் ஒருவரிடமிருந்து குட்டியை வாங்கி வந்தார்கள். தாய் சாதாரண நாட்டு நாய், தகப்பன் சிப்பிப்பாறை வேட்டைநாய் என்று கொடுத்தவர் சொன்னாராம். உடம்பைவிடக் கால்தான் வேகமாக வளர்ந்தது. ஆறு மாதத்தில் என் முழங்காலைத் தாண்டிவிட்டது. பார்த்தவர்களெல்லாம் இனி ஓட்டலாமே என்றார்கள்.

மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விடுவதால், தடுப்பூசிக்கு அதை மாட்டாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போகும் வேலை என் தலையில் விழுந்தது. அங்கே இருந்த பெண் மருத்துவரிடம், இது எப்போது என் மகளோடு ஓடும் என்று கேட்டேன். அவர் குட்டியின் முன்னங்கால் மணிக்கட்டைப் பிடித்து என் விரலை அதன் மேல் வைத்தார். எலும்பின் நுனி இன்னும் இளநீர் வழுக்கை மாதிரி இருக்கிறது, அது தேங்காயாக முற்ற வேண்டும், இந்த வளர்த்திக்கு ஒன்றரை வயது ஆகும் என்றார். அதுவரை அது தன் இஷ்டத்துக்கு மண்ணில் ஓடட்டும், புரளட்டும். உட்கார்ந்துவிட்டால் போதும் என்று அர்த்தம். மனிதர் ஓடும் வேகத்துக்கு அதைக் கயிற்றில் கட்டி இழுக்கக் கூடாது. மாடிப்படி வேண்டாம், தாவிப் பிடிக்க வைக்க வேண்டாம். தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள், உங்களால் தாங்க முடியாத சூட்டை அதனாலும் தாங்க முடியாது என்றார்.

வீட்டில் இதைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. கேஸ் சிலிண்டரை மூன்று தடவை திருகிப் பார்ப்பவன், பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் நிற்பவன் சொல்லும் பேச்சு அப்படித்தான் எடுபடும். மாப்பிள்ளை கைபேசியைப் பார்த்துக்கொண்டே, “எங்க கரியமாணிக்கத்துல நாயி மொயலு தொரத்துது. அதுக்கு இன்னா டாக்டர கேட்டா வுட்டாங்க?” என்றார். மகள் சிரிக்கவில்லை. “ஒன்ற வயசுன்னா இன்னும் ஒரு வருசம்பா. அதுவரிக்கும் நான் வூட்லயே கெடக்கணுமா?” என்றாள்.

அன்றிலிருந்து வீட்டில் நான்தான் வில்லன். மாடிப்படியில் பலகையை வைத்து அடைத்தேன். மகள் பந்தை உயர வீசினால் பிடுங்கி வைத்தேன். சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு, அறுப்பு முடிந்த கொல்லையில் அதை அவிழ்த்துவிட்டேன். நாலு வரப்பு ஓடும், கொக்கைத் துரத்தும், மண்ணில் புரளும், உட்காரும். உட்கார்ந்ததும் திரும்பிவிடுவோம். மகள் காலையில் ஷூவைக் கட்டிக்கொண்டு கேட் வரைக்கும் வந்து நின்றுவிட்டு, மறுபடி அவிழ்ப்பாள். என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். கோபம் வந்தால் நாயிடம் சொல்வாள். நானும் பதிலை நாயிடமே சொல்வேன். அது இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முடி வெட்டிக்கொண்டு திரும்பி வந்தேன். நாயும் இல்லை, மாப்பிள்ளையின் ஸ்கூட்டரும் இல்லை. எனக்கு உடனே புரிந்துவிட்டது. இந்தப் பக்கம் வேட்டைநாய் வளர்ப்பவர்கள் அதை வண்டியின் பின்கம்பியில் கட்டிக்கொண்டு போவார்கள். ஊர் பார்க்க நாய் பக்கத்தில் ஓடி வருவது அவர்களுக்கு ஒரு பெருமை. நானே எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

வெயில் ஏறிய பிறகு வந்தார். நாய் ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் சுருண்டு கிடந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். வாசலிலிருந்தே மகளைக் கூப்பிட்டு, “தோ பாரு, எங்க ஊரு வரிக்கும் ஓடியே வந்துச்சி. திரும்பி வர்றப்பதான் ஒக்காந்துகிச்சி. நாளைலேந்து நீ ஓடலாம்” என்றார்.

அவளுக்கு ஒரு நல்லது செய்துவிட்டதாகத்தான் அந்த ஆள் நினைத்திருந்தார். அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

நாய் இறங்கியது. மூன்று காலைத்தான் ஊன்றியது. நான்கு பாதத்திலும் தோல் உரிந்து சிவந்திருந்தது. வலது முன்னங்கால் மணிக்கட்டு எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

மகளுக்குக் கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினேன். “கட்டி இழுத்தா நாயி ஓடும் மாப்ள. வுழுற வரிக்கும் ஓடும். அது தெம்பு இல்ல, பயம்.”

“இன்னா மாமா, நானா ஒரு வருசம் ஆவும்னு சொன்னேன்? ஒங்க பொண்ண வூட்ல ஒக்கார வெச்சது நீங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள். அவள் தரையில் உட்கார்ந்து, குவளைத் தண்ணீரை ஒவ்வொரு பாதத்தின் மேலும் ஊற்றிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. “ஓடக் கூடாதுன்னவரு நீங்க. இது ஓடலாம்னு இன்னும் சொல்லாதவரு எங்கப்பா. எனக்குத் தொண வேணும்னா வளந்தவங்க யாராவது ஓடி வாங்க. இது கொழந்த.”



நாயை மருத்துவரிடம் நான்தான் கொண்டுபோனேன். திட்டையும் நான்தான் வாங்கினேன். படம் எடுத்துப் பார்த்ததில் எலும்பு உடையவில்லை, ஆனால் நுனி அடிபட்டிருக்கிறது, ஆறும் வரை நடையே கூடாது என்றார்.

மறுநாள் விடிந்ததும் மகள் ஷூவைக் கட்டினாள். கேட்டில் நிற்கவில்லை, திறந்துகொண்டு போனாள். மாப்பிள்ளை எழுந்து, வேலைக்குப் போட்டுப் போகிற தோல் ஷூவை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினார். மாடியிலிருந்து பார்த்தால் கரையில் பதினேழு மின்கம்பங்கள் தெரியும். மூன்றாவது கம்பத்தில் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். அவள் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருந்தாள். திரும்பி வரும் வரை அவர் அங்கேயே நின்றிருந்தார். நான் அதை ரசித்தேன் என்பதை மறைப்பதற்கில்லை.

அவர் நிறுத்தவில்லை. மழைக்காலம் வருவதற்குள் ஒன்பதாவது கம்பம் வரை போனார். வேறு ஷூவும் வாங்கிக்கொண்டார். பைக்கில் யாரும் பின்னால் வரவில்லை.

நாய்க்கு ஒன்றரை வயது தாண்டிய பிறகு, மருத்துவர் காலை மடக்கி நீட்டிப் பார்த்து, இனி ஆரம்பிக்கலாம் என்றார். அதுவும் கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை, தார் இல்லாத மண்ணோரம் மட்டும். முதல் நாள் நானும் போய் மதகுக் கட்டையில் உட்கார்ந்தேன். மகளும் நாயும் ஒரு கம்பம் நடந்தார்கள், ஒரு கம்பம் ஓடினார்கள். கயிறு தொய்ந்தே இருந்தது. நான்காவது கம்பத்தில் நாய் உட்கார்ந்துவிட்டது. மகளும் நின்றாள்.

பின்னால் வந்த மாப்பிள்ளைக்கு அதைத் தட்டி எழுப்பக் கை நீண்டது. பிறகு என் பக்கம் பார்த்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீட்டிய கையைத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க, நாயின் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்தார். மகள் கயிற்றைத் தன் கையிலிருந்து கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, ஐந்தாவது கம்பத்தை நோக்கித் தனியாக ஓடினாள்.