சிராங்கூன் சபையின் ஒரே கிண்ணம்

வியாழன், காலை பத்து மணி.

கடிதம் பாதித் தாள்கூட இல்லை. திங்கட்கிழமை காலை ரயிலேறி, ஜோகூர் வழியாகச் சிரம்பானுக்குப் போய் அங்குள்ள தமிழ்ச் சபையை ஏற்க வேண்டியது என்று மிஷன் கமிட்டி எழுதியிருந்தது. ஒன்பது வருஷம் போதகனாக இருந்த சிங்கப்பூரை விட்டுப் போக எனக்கு நாலு நாள்! வாடகைக்குக் குடியிருப்பவனைக் காலி பண்ணச் சொல்வதென்றாலும் ஒரு மாதம் கொடுப்பார்கள்.

எனக்குப் பதிலாக வருகிறவர் யார் என்பதும் அதில் இருந்தது. படித்ததும் மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நன்றாகப் பாடுவார், நன்றாகப் பிரசங்கம் பண்ணுவார், எல்லாம் சரி. ஆனால் அவர் இருந்த சபைகளிலெல்லாம், திராட்சரசம் பகிர்ந்து குடிக்கும் திருவிருந்துக்கு இரண்டு கிண்ணம். ஒன்று மேல்சாதி என்று சொல்லிக்கொள்கிறவர்களுக்கு, மற்றது மற்றவர்களுக்கு. அப்படி வைத்தால்தான் ஆள் சேரும் என்று கமிட்டிக்கும் பட்டிருக்கிறது போலும். என் சபையில் ஒரே கிண்ணம். ஒன்பது வருஷமாக அதைக் கட்டிக் காத்தேன் என்று மார்தட்டிக்கொண்டிருந்தவன் நான். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வெள்ளி, சனி.

இந்த இரண்டு நாளும் வீடு வீடாகப் போய் விடைபெற்றேன். இங்கே வந்திராதவர்களுக்கு இடத்தைச் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்திலிருந்து வடக்கே ரிக்‌ஷாவில் அரை மணி நேரம் வந்தால் தேக்காச் சந்தை. அங்கே தொடங்கும் நீண்ட சாலைதான் சிராங்கூன் சாலை. நம்மவர்களில் பழைய ஆட்கள் இன்றும் அதைச் சுண்ணாம்புக் கம்பம், அதாவது சுண்ணாம்புக் கிராமம், என்றுதான் சொல்வார்கள். சாலையின் நடுவே மின்சார டிராம் மணியடித்துக்கொண்டு ஓடும். அதற்கு வழிவிடாமல் எருமைகள் படுத்திருக்கும். இரு பக்கமும் மாட்டுக் கொட்டகை, பிரம்பு ஊறவைக்கும் குட்டை, அன்னாசியை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலை. எல்லா நாற்றமும் ஒன்றாகக் கலந்து வரும். முதல் மாதம் சோறு இறங்காது. பிறகு பழகிவிடும்.

டப்பாக்காரர்கள் விட்டுப்போன ஒரு பழைய கொட்டகைதான் எங்கள் கோயில். அறுபது பேர் கொண்ட சபை. யாழ்ப்பாணத்துக் கிராணிமார், அதாவது ஆபீஸ் குமாஸ்தாக்கள், நாலு குடும்பம். கடைக்காரர்கள் சிலர். மாட்டுக் கொட்டகை ஆட்கள். செங்கல் சூளை ஆட்கள்.

சனிக்கிழமை மத்தியானம் சூளைக்குப் போனேன். அங்கே கல் சுமக்கும் ஞானம்மாள் தலைச்சுமையை இறக்கிவிட்டு வந்தாள். நாற்பது வயதிருக்கும். அதிர்ந்து பேசாதவள்.

“நீங்க போயிட்டா ரெண்டு கிண்ணம் ஆயிரும்னு பேசிக்கிறாங்களே, ஐயா?”

“ஆகவிட மாட்டேன். போகும் முன் மூப்பர்களிடம் சத்தியம் வாங்கிவிட்டுத்தான் போவேன்” என்றேன்.

அவள், “ம், பாப்போம்” என்று சொல்லிவிட்டுச் சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். என்ன பெண் இவள், ஊரே அழுகிறது, இவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லையே என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

ஞாயிறு, மாலை நாலு மணி.

கொட்டகை முழுக்கத் தென்னங்குருத்துத் தோரணம். வருகிறவர்களுக்கு என் கையாலேயே தேநீர்க் குவளைகளை எடுத்துக் கொடுத்தேன். மலாய் நாட்டில் தமிழர் யார் ஊர் மாறிப் போனாலும் உபசாரப் பத்திரம் வாசித்துக் கொடுக்காமல் விட மாட்டார்கள். தபால்காரருக்கும் உண்டு, டாக்டருக்கும் உண்டு. எனக்கும் பட்டுத் துணியில் அச்சடித்து, பொன்நிறச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். மூத்த மூப்பரும் பெரிய கிராணியுமான செல்லையா எழுந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கணீரென்று வாசிக்கத் தொடங்கினார்:

“எங்கள் அருமை மேய்ப்பரும், தயாள குணமும் தாழ்மையும் ஒருங்கே பொருந்தியவருமாகிய சாமுவேல் பிள்ளை அவர்களுக்கு...”

பிள்ளையா?

“நிறுத்துங்கள்!” என்று கத்தினேன். தோரணம் கட்டிக்கொண்டிருந்தவன் ஏணியிலிருந்து விழப் பார்த்தான்.

“யார் உங்களுக்குச் சொன்னது நான் பிள்ளை என்று?”

செல்லையா திகைத்துப் போனார். “ஏன் ஐயா கோவிக்கிறியள்? மரியாதைக்குத்தானே போட்டனாங்கள்.”

“சொன்னது யார்?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. நீங்களும் ஒன்பது வருஷமாச் சொல்லேல்லை. எண்டாலும் உங்கட பேச்சையும் நடையையும் பாத்தால் எங்களுக்கு விளங்காதோ?”

சாதியைக் கேட்காதே, சொல்லாதே என்று ஒன்பது வருஷம் தொண்டை கிழியப் பிரசங்கம் பண்ணியதன் பலன் இதுதானா? பிரியமாக எனக்கு ஒரு சாதியைப் பொறுக்கியெடுத்து, சட்டம் போட்டுக் கொடுக்கிறார்களே! அந்த ஆத்திரத்தில்தான் சொன்னேன். நிதானமாக யோசித்திருந்தால் அன்றைக்கும் சொல்லியிருக்க மாட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

“என் தகப்பனார் பேர் குப்பன். தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு பண்ணையில் நாற்றுக்கட்டு சுமந்தவர். எங்கள் வீடு சேரியில். மிஷன் பள்ளிக்கூடத்தில் சோறு போட்டுப் படிக்க வைத்தார்கள், படித்தேன். அவ்வளவுதான் என் பூர்வீகம். பிள்ளையுமில்லை, பட்டமுமில்லை.”

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு கடைக்காரர், குடித்துக்கொண்டிருந்த குவளையைப் பெஞ்சுக்குக் கீழே மெதுவாக வைத்தார். சற்றுமுன் நான் கொடுத்த குவளை அது. அவர் வைத்ததை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

பின்னால் ஒரு குரல் கேட்டது. ஞானம்மாள் எழுந்து நின்றிருந்தாள்.

“ஐயா, நான் ஒண்ணு கேக்கணும்.”

“கேள், ஞானம்மா.”

“திருவிருந்துக்கு நான் ஏன் எப்பவும் கடைசியா வரேன்னு உங்களுக்குத் தெரியுமா?”

எங்கள் சபையில் குடும்பம் குடும்பமாக முன்னே வந்து கிண்ணத்தில் குடிப்பார்கள். நான் குடித்ததும் கிராணிமார் முதலில் வருவார்கள். சூளை ஆட்கள் பின்னால் வருவார்கள். எல்லாருக்கும் கடைசியில் ஞானம்மாள் வருவாள். அவளுடைய தாழ்மையைப் பாருங்கள் என்று இரண்டு தடவை பிரசங்கத்திலேயே சொல்லியிருக்கிறேன். அதைத்தான் இப்போதும் சொல்ல வாயெடுத்தேன்.

“தாழ்மையா!” என்றாள். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. “நாங்க வாய் வெச்ச கிண்ணத்துல அவங்க வாய் வெக்க மாட்டாங்க, அதான். நீங்க வந்த மொத மாசமே சாடையா சொல்லிட்டாங்க. ஐயாவுக்குத் தெரிஞ்சா மனசு நொந்து போவாரு, சபை ஒடஞ்சிரும், நீங்க பின்னாடி வாங்கன்னாங்க. சரின்னோம். பெரிய சாதியில பொறந்தும் எங்க வீட்டுல ஒக்காந்து கஞ்சி குடிக்கிறாரே, அவருக்காக நிப்போம்னு நின்னோம்.”

“ஞானம்மா...”

“இருங்க, ஐயா. நான் ஒங்காளுதான்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் எதுக்குக் கடைசியில நிக்கணும்? ஒங்களுக்குப் பின்னாடி குடிச்ச வாயி, எனக்குப் பின்னாடி குடிக்காதா? ஒன்பது வருஷம் யாருக்காக வாய மூடிக்கிட்டு இருந்தீங்க?”

நம்மவர்கள் யாரும் சாதியை நேராகக் கேட்பதில்லை. ஐயாவுக்கு எந்தப் பக்கம் என்பார்கள், பெரியவங்க என்ன பண்றாங்க என்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வேன். கொள்கை என்று அதற்குப் பேர் வைத்திருந்தேன். கொள்கையாவது மண்ணாவது! மரியாதை கிடைத்தது, சுகமாக இருந்தது, இருந்துவிட்டேன். என் தகப்பன் பேரை விழுங்கிவிட்டு, இந்தப் பெண்ணைப் பின்னால் நிற்கவைத்து, அவள் தாழ்மையைப் பற்றிப் பிரசங்கமும் பண்ணியிருக்கிறேன். கமிட்டியின் மேல் வந்த கோபமெல்லாம் எந்தப் பக்கம் திரும்பியது என்று சொல்ல வேண்டியதில்லை.

பத்திரத்தை அதற்கு மேல் யாரும் வாசிக்கவில்லை. ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டேன்.

திங்கள், காலை ஆறரை மணி.

தேக்காவிலிருந்து டாங்க் ரோடு ரயில் நிலையத்துக்கு ரிக்‌ஷாக்காரன் இருபது காசு கேட்டான். பேரம் பேசத் தெம்பில்லை. நான் உடனே ஏறி உட்கார்ந்ததைப் பார்த்து அவனுக்கே சந்தேகம் வந்து, பெட்டியோடு சேர்த்துத்தான் இருபது காசு என்று மலாயில் இரண்டு தரம் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டான்.

அறுபது பேரில் வழியனுப்ப வந்தவர்கள் பதினொரு பேர். எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன். செல்லையாவைக் காணோம். ஞானம்மாள் வந்திருந்தாள். சூளையில் அரை நாள் கூலி போயிருக்கும். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

“நேத்துப் பேசினதுக்கு மன்னிப்புக் கேக்க வரல, ஐயா.”

“நான்தான் கேட்க வேண்டும்.”

“அது கெடக்கட்டும். அடுத்த திருவிருந்துக்கு நான் முன்னாடிதான் போய் நிக்கப் போறேன். மொத ஆளா. யாரு பின்னாடி வராங்கன்னு பாத்துக்கிறேன்.”

“ஒருத்தரும் வராவிட்டால்?”

“நான் ஒருத்தியே குடிச்சு முடிச்சிட்டுப் போறேன்” என்றாள். கூட நின்ற சூளைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அவள் சிரிக்கவில்லை.

மணியடித்த பிறகு செல்லையா ஓடி வந்தார், குடையும் கையுமாக. கையில் சட்டம் இல்லை. “பத்திரத்தைத் திருப்பி அச்சடிக்கக் குடுத்திருக்கிறன், ஐயா. வெறும் பேர் மட்டும். சிரம்பானுக்கு அனுப்பிவிடுறன்” என்றார், மூச்சு வாங்க.

“பத்திரம் எனக்கு வேண்டாம். ஞானம்மாளுக்குப் பின்னால் நிற்பீர்களா, அதைச் சொல்லுங்கள்.”

அவர் குடையைப் பார்த்தார். தண்டவாளத்தைப் பார்த்தார். “வீட்டில ஆக்களும் இருக்கினம், ஐயா...” என்று இழுத்தார். வண்டி நகர்ந்தது. ஓடிவந்த மனிதனிடம் போய்வருகிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம்.

காலை எட்டரை மணி.

தீவின் வடகரையில் ரயில் பாதை முடியும் உட்லண்ட்ஸ் வரை இருபது மைலுக்குச் சற்றுக் குறைவு. நியூட்டன், புக்கிட் தீமா, புக்கிட் பாஞ்சாங் என்று நின்று நின்று போகிறது. முதலில் வெள்ளைக்காரர் பங்களாக்கள், பிறகு குன்று குன்றாக அன்னாசி, நடுநடுவே புதிதாக நட்ட ரப்பர்க் கன்றுகள். கிராஞ்சி வந்ததும் சேறும் சதுப்புமாகக் கடல்வாடை அடிக்கிறது. நல்ல காட்சிதான். வேறொரு நாள் என்றால் இரண்டு பக்கம் வருணித்திருப்பேன்.

உட்லண்ட்ஸ் படகுத்துறையில் ஒருவர் மாலையோடு காத்திருந்தார். சிரம்பான் சபையின் மூப்பர், பெயர் தேவசகாயம், ரப்பர்த் தோட்டத்தில் கிராணி. என்னை அழைத்துப் போகவே முந்தின நாள் புறப்பட்டு ஜோகூரில் தங்கியிருந்தாராம். மாலையைப் போட்டார். என் பெட்டியைப் பிடுங்கித் தாமே தூக்கிக்கொண்டார். நீராவிப் படகில் இடம் பிடித்து உட்கார வைத்தார். எதிர்க்கரையில் சுல்தானின் பள்ளிவாசல் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. கால் மணி நேரத்தில் போய்விடலாம் என்றார். பையிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்து, ஒன்றைப் பிய்த்து என் பக்கம் நீட்டிக்கொண்டே கேட்டார்:

“ஐயாவுக்கு எந்தப் பக்கம்?”

“தஞ்சாவூர்ப் பக்கம்.”

“அப்படியா! சந்தோஷம். அங்க... பெரியவங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தாங்க?”

“பண்ணையாள். பேர் குப்பன். சேரியில் வீடு. இன்னும் ஏதாவது கேட்கணுமா?”

பழம் பாதி வழியில் நின்றது. அவர் அதைக் கீழே வைக்கவும் முடியாமல், கொடுக்கவும் முடியாமல் விழித்தார். நான் காத்திருக்கவில்லை. எட்டி அவர் கையிலிருந்து எடுத்து, உரித்து, நிதானமாகத் தின்றேன். மிகவும் ருசியான பழம்.

“சிரம்பானில் திருவிருந்துக்கு எத்தனை கிண்ணம் வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டேன்.

“ரெண்டு, ஐயா” என்றார், கேட்டும் கேட்காத குரலில்.

“ஒன்றை உங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். மற்றதில் முதலில் நான் குடிப்பேன். எனக்குப் பின்னால் சூளையிலோ தோட்டத்திலோ வேலை செய்கிற ஒரு பெண் குடிப்பாள். அவளுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம்.”

படகு ஜோகூர்த் துறையில் முட்டி நின்றது. தேவசகாயம் எழுந்தார். என் பெட்டியைப் பார்த்தபடி நின்றார். தூக்கவில்லை. நானே தூக்கிக்கொண்டு இறங்கினேன்.