வெள்ளையடித்த லயத்தின் படம்

ஹட்டனில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பழைய படங்களை மாட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அணை கட்டுகிற படம், மலையைக் குடைகிற படம், ரோட்டுக்குத் தார் போடுகிற படம். நடுவில் எங்கள் லயம், தேயிலைத் தோட்டத்துக் காம்பரா வீடுகளின் வரிசை. கீழே ‘மகிழ்ச்சியான தோட்ட மக்கள்’ என்று எழுதியிருந்தது.

அந்த மகிழ்ச்சி வந்த விதம் எனக்குத் தெரியும்.

கீழே ஆற்றை மறித்து அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் கூரைத் தகரமோ துருப்பிடித்துச் சல்லடையாகிவிட்டது. “வெளியில விட்டாலும் உள்ள விடாது” என்று மழையைப் பற்றிச் சொல்லிச் சிரிப்போம். பக்கத்துக் காம்பராவில் இருந்த அக்காவுக்குச் சிரிப்பு வராது. அவருடைய கைக்குழந்தைக்கு மார்ச்சளி. ஒழுகாத மூலை தேடித் தொட்டிலை மாற்றி மாற்றிக் கட்டுவார்.

ஒருநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில், தோட்டத்தை மேற்பார்க்கிற கண்டாக்கையா சொன்னார்: “கொழும்புலேர்ந்து படம் புடிக்கிறவரு வர்றாரு. லயத்தைப் புடிச்சு சீமையில இருக்கிற கம்பெனிக்கு அனுப்புவாங்க. அதப் பாத்துத்தான் புதுத் தகரம் குடுக்கிறதான்னு முடிவு பண்ணுவாங்க.”

படம் என்றால் எங்களுக்குக் கல்யாணப் படந்தான். அதற்கு நல்லது உடுத்தாமல் நிற்பதா? மஸ்கெலியா பாய் கடையில் சுண்ணாம்பு வாங்கப் போனோம். “என்னங்கடா, லயத்துக்கே கல்யாணமா?” என்றார் பாய்.

அக்கா மட்டும் கேட்டார்: “ஓட்டையை மறைச்சிட்டுத் தகரம் எப்படிங்க கேக்கிறது?”

கங்காணி சம்சாரம் விடவில்லை. “அடி போடி! சாமிகிட்ட வரம் கேக்கப் போனாலும் குளிச்சிட்டுத்தானே போறோம்? கந்தையானாலும் கசக்கிக் கட்டுன்னு சும்மாவா சொன்னாங்க? நம்மளக் கேவலமாப் பாத்தா எவன் குடுப்பான்?”

எல்லோரும் ஆமாம் போட்டோம். அக்காவும் கடைசியில் கூறைப்புடவையை எடுத்தார். பிள்ளைக்கு இரவல் அரைஞாண் கட்டினார். அன்றைக்கென்று வெயில். சுவரெல்லாம் வெள்ளை, வாசலெல்லாம் கோலம். “சிரிங்க, சிரிங்க” என்றார் படக்காரர். சிரித்தோம்.

கொஞ்ச நாள் கழித்துப் பெரட்டில் பதில் வந்தது. “படத்தைப் பாத்து சீமையில ரொம்ப சந்தோஷமாம். லயம் நல்லாத்தான் இருக்காம். தகரம் இப்ப வேணாமாம்.”

“மழ வந்தப்புறம் புடிக்கச் சொல்லுங்கய்யா,” என்றார் அக்கா. கங்காணி சம்சாரம் தலையைக் குனிந்துகொண்டார்.

மழை வந்தது. காம்பராவில் காய்ந்த மூலை ஒன்றுகூட மிஞ்சவில்லை. அக்கா கம்பளிக்குள் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே கிடந்தார். அந்த மழை விடுவதற்குள் பிள்ளை போய்விட்டது.

பிறகு அக்கா தகரம் கேட்கவில்லை. கண்டாக்கையாவைக் காணும்போதெல்லாம், “அந்தப் படத்துல எம்புள்ள இருக்கான். ஒண்ணு வாங்கிக் குடுங்க சாமி” என்பார். “அது சீமையில கெடக்கும்மா” என்று அவர் நடந்துவிடுவார். கேட்டுக் கேட்டு அலுத்து, அக்கா ஒருநாள் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்.

மண்டபத்தில் அந்தப் படத்துக்குக் கிட்டப் போய்ப் பார்த்தேன். கங்காணி சம்சாரத்தின் மூக்குத்திகூடத் தெளிவாகத் தெரிகிறது. அக்கா நன்றாகச் சிரிக்கிறார். அவர் இடுப்பில் இருக்கிற பிள்ளைக்கு மட்டும் முகம் இல்லை, ஒரு வெள்ளைக் கலங்கல். படம் எடுத்த நேரத்தில் இருமியிருக்கிறான்.