கால் பாவாத படம்

கம்போங் ராஜா என்ற மலையூரில் மளிகைக் கடைக்கு மேல்மாடியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் புவனேஸ்வரனுக்கு வெள்ளைத் தரை என்றால் உயிர். வீட்டில் தான் குடித்த கோப்பையைக்கூடக் கழுவி வைக்காத மனுஷன், ஸ்டூடியோவில் மட்டும் ஈரத்துணியும் கையுமாக முட்டி போட்டுத் துடைப்பார். அந்தத் துணியை வீட்டுப் பக்கமும் கொண்டு வந்தால் என்ன என்று கேட்டுக் கேட்டு அவர் மனைவி சுபத்ரா அலுத்துவிட்டாள்.

தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவர். அப்பாவுக்கு ஆலையில் வேலை. இவருக்கு அந்த இலைத்தூள் ஒத்துக்கொள்ளவில்லை. பக்கத்து ஊரான திரிங்காப்பில் பூ வியாபாரி ஒருவரிடம் சேர்ந்து, விற்பனைக்குப் பூக்களைப் படம் பிடிக்கப் போய், கேமரா கையோடு ஒட்டிக்கொண்டது. ரோஜாவுக்குப் பின்னால் ஒரு வெள்ளை அட்டை நிறுத்தினால் வேலை முடிந்தது. ஆள் அப்படியா? ஆளுக்குக் கால் இருக்கிறது, காலுக்குக் கீழே தரை இருக்கிறது. சொந்தக் கடை போட்ட பிறகுதான் அந்தத் தொல்லை அவருக்கு விளங்கியது.

சுவரிலிருந்து தரைவரை வெள்ளைக் காகிதத்தை வளைத்து இறக்கினார். படத்தில் சாம்பலாகத்தான் விழுந்தது. இரண்டு பக்கமும் விளக்கு வைத்துப் பின்பக்கத்தை மட்டும் தனியாக வெளுக்கச் செய்தார். ஒளி கூடிப்போய் ஆளின் காதும் முடியும் ஓரத்தில் கரைந்தன. விளக்கைக் குறைத்து, ஆளைச் சுவரைவிட்டு நன்றாக முன்னே இழுத்து நிறுத்தியதும் பின்பக்கம் வழிக்கு வந்தது. தரை வரவில்லை. காகிதத்தின் மேல் பளபளப்பான வெள்ளை பிளாஸ்டிக் பலகை ஒன்றைப் போட்டார். அது பின்வெளிச்சத்தை வாங்கித் திருப்பித் தர, தரையும் வெளுத்தது. கால்களைச் சுற்றி மிச்சமிருந்த நிழலைக் கம்ப்யூட்டரில் துடைத்துவிட்டார். அன்றைக்கு அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அந்தப் பலகையில் ஏற ஒரு சட்டம் உண்டு. காய்கறி பார்ம், பூ பார்ம் என்று சுற்றி வருகிற ஊரில் யார் காலில் மாட்டியிருக்கும் சப்பாத்தைப் பார்த்தாலும் சேறுதான். அடிப்பாகத்தைத் துடைத்துக் காட்டாமல் ஏறினால் ஏச்சு விழும். ஒருமுறை கல்யாண மாப்பிள்ளையையே கீழே இறக்கியிருக்கிறார்.

மகேனுக்கும் அதே கதைதான். மகேன் திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறவர். மகள் பூவிழியின் பிறந்தநாள் படத்துக்குக் குடும்பத்தோடு வந்தவரை, தனியாக ஒன்று எடுக்கலாம் என்று புவனேஸ்வரன்தான் பிடித்து நிறுத்தினார். நிறுத்துமுன் சப்பாத்தைத் துடைக்க வைத்து, மகள் எதிரிலேயே ஏசினார். பூவிழி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு படத்தைப் பார்த்து மகேனும் சிரித்தார்.

"பேயிக்குத்தான் காலு தரையில பாவாதும்பாங்க. என்னையும் பறக்க விட்டுட்டியே லா."

இப்போது இதுதான் ஸ்டைல் என்று சொல்லிவிட்டார் புவனேஸ்வரன்.

அதே வருஷக் கடைசியில், லோரியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்து படுத்த மகேன் காலையில் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. முழு உருவத்தில் அவர் தனியாக நின்ற படம் அது ஒன்றுதான். மனைவி வசுமதி அதற்குச் சட்டம் போட்டு, மாலை சார்த்தி, கூடத்தில் மாட்டினாள்.

சில வாரம் கழித்து அதே படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் படியேறி வந்தாள். பூவிழி கூடத்துக்குள் தனியாக வருவதே இல்லையாம். பேய்க்குக் கால் தரையில் படாது, நிழல் விழாது என்று பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளையோ சொல்லிவிட்டதாம். படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தால்தான் சோறு இறங்குகிறதாம்.

"பெத்த அப்பாவப் பாத்து பிள்ள பயப்படுது அண்ணே," என்றாள் வசுமதி. "அவர தரையில நிக்க வைங்க. வேற ஒன்னும் வேணாம்."

புவனேஸ்வரன் படத்தை வாங்கித் துணியைப் பிரித்துப் பார்த்தார். மகேன் போனதற்கும் படத்துக்கும் சம்பந்தமில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அந்த நிழலைத் துடைத்தது அவர் கைதான். துடைத்தபின், நிழலோடு இருந்த பழைய படத்தை வைத்துக்கொள்ளும் வழக்கமும் அவருக்கு இல்லை. கம்ப்யூட்டரில் புதிதாக நிழல் வரைந்து பார்த்தார். லோரிக்கு அடியில் ஒழுகிய எண்ணெய் மாதிரி இருந்தது. நிழல் நிஜமாக விழ வேண்டுமென்றால் ஒருவர் நிஜமாக நிற்க வேண்டும். மகேனின் சப்பாத்தைக் கொண்டு வரச் சொன்னார்.

மறுநாள் வசுமதி பிளாஸ்டிக் பையில் கொண்டு வந்தாள். கடைசி நாள் வாசலில் கழற்றிவிட்டபடியே இருந்தது. பார்ம் மண் காய்ந்து ஒட்டியிருந்தது. புவனேஸ்வரனின் கை பழக்கத்தில் ஈரத்துணியை எடுத்தது.

"தொடைக்காதீங்க அண்ணே."

துணியைக் கீழே வைத்தார்.

பின்விளக்குகளைக் குறைத்து, தரையில் விழாதபடி திருப்பினார். முன்விளக்கை உயர்த்தித் தலைக்கு மேலிருந்து ஒளி இறங்கும்படி வைத்தார். மகேன் போட்டிருந்த மாதிரியே கறுப்புக் காற்சட்டை போட்டுக்கொண்டு, சப்பாத்துக்குள் காலை நுழைத்தார். அளவு சின்னது, விரல் நசுங்கியது. படத்தில் இருந்தபடி இடது காலைக் கொஞ்சம் முன்னே வைத்துப் பலகையில் நின்றார். மண் உதிர்ந்தது. அவருக்கு அழுகை வந்தது; ஆனால் அசையவில்லை. கேமராவின் பொத்தானை வசுமதி அழுத்தினாள்.

இரண்டு படத்தையும் ஒன்றாக இணைத்தார். முழங்காலுக்கு மேலே மகேன், கீழே அவருடைய சப்பாத்து, அதற்கடியில் மெல்லிய சாம்பல் நிழல். உதிர்ந்த மண்ணைத் துடைப்பது அவருக்கு நொடி வேலை. அதை அப்படியே விட்டுவிட்டார்.

படத்தை அவரே கொண்டுபோய்க் கூடத்தில் மாட்டினார். பூவிழி அம்மாவின் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து, நாற்காலியில் ஏறி, அந்த நிழலைத் தொட்டுப் பார்த்தாள். விரல் மண்ணுக்கு வந்ததும் புவனேஸ்வரன் பக்கம் திரும்பினாள்.

"அப்பா தொடைக்காமலே ஏறிட்டாரு. நீங்க ஏசலயா மாமா?"

"ஏசலம்மா."

அவள் இறங்கிப் போய்ச் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு வந்து, படத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள்.