வெள்ளைக்காரம்மாவோட மக கூட்டுறவளாம்

"ஹரி... ஹரீ...!"

விடியக்காலையில கெஸ்ட் ஹவுஸ் மேல் ரூம்லருந்து ஒரு பொம்பள தொண்ட கிழிய கத்துறா. நுவரெலியா குளிர்ல வெரலெல்லாம் வெறச்சுப் போய், வெளக்கமாறும் கையுமா நான் மாடிப்படியில நிக்கிறேன்.

எங்க சமையல்கார மேரி அக்கா குசினியிலருந்து எட்டிப் பார்த்து, "யாருடி அது, சிங்களத்துல சரி சரிங்கிற மாதிரி ஹரி ஹரின்னு கத்துறது? அங்க கனடாக்கார அம்மா மட்டும்தானே இருக்காங்க!"ன்னாங்க.

அப்ப நான் வேலைக்கு சேர்ந்த புதுசு. ரூம் கூட்டி, பாத்ரூம் கழுவுற வேலை. ஆனா எங்க தேயிலைத் தோட்டத்து லயத்துல அம்மா சொல்லி வச்சிருந்தது, "எம்மக ரிசப்ஷன்ல இருக்கா"ன்னு. டவுனுக்கு வந்த யாரோ நான் வாசல் கூட்டுறத பார்த்துட்டாங்க... அவ்வளவுதான். மறுநாள் காலையில வேலைக்கு பேர் குடுக்க பெரட்டுக்கு நின்ன எடத்துலயே அம்மாவுக்கு கேலி.

"கொழுந்து எடுத்தாலும் பரவால்ல, ஊரான் வீட்ட கூட்ட வேணாம். வந்துரு"ன்னு அம்மா போன்ல அழுதாங்க. மாசம் முடிஞ்சதும் போயிரலாம்னு நானும் முடிவு பண்ணிட்டேன்.

அந்த நேரத்துலதான் இந்த ஹரி.

கதவ தட்டுனேன். அந்தம்மா போர்வைய சுத்திக்கிட்டு லேப்டாப் முன்னால இருக்காங்க. என் கைய பிடிச்சு இழுத்து, ஸ்க்ரீன்ல ஒருத்திய காட்டி, "மை டோட்டர்! ஷீ ஸ்வீப்ஸ்!"ன்னாங்க.

எனக்கு தெரிஞ்ச இங்கிலீஷுக்கு 'ஸ்வீப்' நல்லாவே புரியும். மக கூட்டுறவளாம்! அத மூஞ்சி பூரா சிரிப்போட சொல்றாங்களே!

பார்த்தா ஐஸ் தரை. கைப்பிடி வச்ச கல்ல ஒருத்தி தள்ளி விடுறா. அதுக்கு முன்னால ரெண்டு பேர் ப்ரஷ்ஷால தேய் தேய்னு தேய்க்கிறாங்க. தேச்சாதான் கல்லு தூரம் போகுமாம். இன்னொருத்தி நின்னு "ஹரி"ன்னு வெரட்டுறா... இங்கிலீஷ்ல சீக்கிரம்னு அர்த்தமாம்! கர்லிங்னு ஒரு வெளையாட்டு. கனடா பொம்பள டீம்களுக்கு நடக்குற தேசியப் போட்டியோட ஃபைனல்.

மேரி அக்காவும் வந்துட்டாங்க. "அட கடவுளே, அங்கயும் கங்காணி விட மாட்டேங்கிறா பாரு!"

கடைசி கல்லு. அந்தம்மாவோட புள்ள உசுரக் குடுத்து தேய்க்குது. நாங்களும் "கூட்டு, கூட்டு!"ன்னு கத்துறோம்... கல்லு போய் சேர வேண்டிய வட்டத்துக்கு கொஞ்சம் முன்னாலயே நின்னுருச்சு. தோத்துட்டாங்க.

அந்தம்மாவுக்கு கண்ணு கலங்கிருச்சு. ஆனா எங்க பக்கம் திரும்பி, "பார்த்தீங்களா, எம்மக எப்படி கூட்டுனான்னு!"ன்னு இங்கிலீஷ்ல கேட்டாங்க. தோத்தத பத்தி ஒரு வார்த்தையில்ல.

வெளையாட்டுல கூட்டுறதும் வயித்துக்கு கூட்டுறதும் ஒண்ணில்லன்னு எனக்கும் தெரியும்ங்க. இருந்தாலும்... அன்னைக்கே அம்மாவுக்கு போன் போட்டு, "நான் வரலம்மா. நான் நல்லா கூட்டுறேன்"னேன். அம்மா பட்டுன்னு போன வச்சிட்டாங்க.

அந்தம்மா பேரு கூட இப்ப ஞாபகத்துல இல்ல. ஒரு நன்றி கூட ஒழுங்கா சொல்லல. எங்கிருந்தாலும் நல்லா இருக்கணும், அவங்க மகளும்.

இப்ப அதே எடத்துல நான் சூப்பர்வைசர். வருஷா வருஷம் அந்த போட்டிய போன்லயே பார்த்துக்கலாம். சேர்ந்து கத்தத்தான் மேரி அக்கா இல்ல, வேலைய விட்டு ஊரோட போயிட்டாங்க.

போன மாசம் அம்மா மொத தடவையா இங்க வந்தாங்க. அன்னைக்கு ஆள் வரலன்னு முன் ஹால நானே கூட்டிக்கிட்டிருந்தேன். அம்மா செருப்ப கழட்டி கையில வச்சுக்கிட்டு வாசல்லயே நின்னுட்டாங்க.

"உள்ள வாங்கம்மா"ன்னேன்.

"இருடி, நீ கூட்டி முடி... நான் மிதிச்சிருவேன்"ன்னாங்க.