காயாத சுவர்

எதை எடுத்தாலும் தேதி போட்டு வைப்பது என் பழக்கம். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கூரைத் தகடு மாற்றினாலும் பாதை சரிந்தாலும் போனில் ஒரு துண்டு வீடியோ எடுத்து, தேதியையும் நேரத்தையுமே கோப்பின் பெயராக வைத்துவிடுவேன். பதுளையில் என் அறைக் கணினியில் அப்படிப் பல வருஷங்கள் கிடக்கின்றன. யாரும் கேட்டதில்லை. அதனால் அக்கா மகள் ஒரு சனிக்கிழமை போன் செய்து, "மாமா, எங்க வீட்டு முன்பக்கத்த எடுத்த வீடியோ ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டபோது கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

இருந்த ஒன்று அவளுக்குப் போதவில்லை. காற்றில் தகடு பறந்த மறுநாள் எடுத்தது. கூரையும், அடுப்படி ஜன்னலுக்கு மேலே கரி படிந்த சுவரும் மட்டும்தான் அதில் இருந்தன. அவளுக்கு முழு வாசலும் வேண்டும்.

அவள் பண்டாரவளையில் ஒரு வாடகை அறையில் இருந்துகொண்டு சினிமாவுக்கான கிராபிக்ஸ் வேலை பழகிவந்தாள். அதற்கு முன் கொழும்பில் ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்று கால் வீங்கியவள். இப்போது ஒரு ஸ்டூடியோ பரீட்சை மாதிரி ஒரு வேலை கொடுத்திருந்தது. ஒரு வீட்டை வீடியோ எடுத்து, எந்த வெளிச்சத்திலும் காட்டக்கூடிய உருவமாக மாற்றித் திங்கட்கிழமை காலை அனுப்ப வேண்டும். தேறினால் அறையில் இருந்தபடியே மாதச் சம்பளம். தேறாவிட்டால் மறுபடி துணிக்கடை. எப்போது வருகிறாய் என்று கடை முதலாளி கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஞாயிறன்று அக்கா வீடு இருக்கும் ஹல்துமுல்லைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு விளக்கினாள்.

"வீடியோல சொவரும் இருக்கும், சொவத்து மேல விழுந்த வெயிலும் இருக்கும். ஏஐ ரெண்டையும் பிரிச்சிரும் மாமா. வெயில உரிச்சு எடுத்துட்டா வெறும் சொவரு. அப்புறம் நம்ம இஷ்டத்துக்கு நெலா வெளிச்சம் போடலாம், சாயங்கால வெயில் போடலாம்."

"அப்ப எந்த நேரத்துல எடுத்ததுன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதுக்குத்தானே இந்த வேலையே."

எனக்கு அது பிடிக்கவில்லை. நிழல் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பார்த்துப் பழைய வீடியோக்களின் நேரத்தைச் சரிபார்க்கிறவன் நான். ஹப்புத்தளை தாண்டும்வரை பஸ் ஜன்னலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் கடைசியில் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு இறங்கும் படியிலேயே அவள் நின்றுவிட்டாள். வரிசையில் அக்கா வீட்டுச் சுவர் மட்டும் ஈரமாக இருந்தது. அக்கா கையில் பிரஷ், காலடியில் சுண்ணாம்பு வாளி.

"ஏம்மா, யாரு வெள்ளையடிக்கச் சொன்னது?"

"படம் எடுக்க வாறேன்னு நீதானே சொன்ன. கரி புடிச்ச சொவத்தையா ஊருக்குக் காட்டுவ?"

எங்கள் லயங்களில் கல்யாண வீடியோக்காரர் வந்தாலும் சரி, வெளிநாட்டுக்காரர் கேமராவோடு வந்தாலும் சரி, முதல் வேலை சுவருக்குத்தான். கொழுந்துக் கூடையோடும் கரிச்சுவரோடும் எங்களைப் படம் பிடித்துப் போனவர்கள் நிறையப் பேர். அந்தக் கோபம் சுண்ணாம்பாக வெளியே வரும். அக்காவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வேறு நாள் இல்லாததால் அவள் எடுக்கத் தொடங்கினாள். போனை நெஞ்சளவில் பிடித்து, வாசலைச் சுற்றி மெதுவாக நடந்தாள். வெயில் வந்தது, போனது. ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் குறித்துக்கொண்டேன். பிறகு மடிக்கணினியில் ஒரு முன்னோட்டம் பார்த்தோம். நிலா வெளிச்சம் போட்டாள். சுவரில் சாம்பல் நிறம் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. சாயங்கால வெயில் போட்டாள். திட்டுகள் அசையவில்லை.

சுண்ணாம்பு ஈரத்தில் மங்கலாக இருக்கும், காயக் காயத்தான் வெளுக்கும். முதல் சுற்றில் மங்கலாக இருந்த இடம் கடைசிச் சுற்றில் வெள்ளை. ஈரம் காய்ந்ததை நிழல் விலகியது என்று நினைத்த இயந்திரம் சில இடத்தில் ஈரத்தை உரித்திருந்தது, சில இடத்தில் சுவரோடு சேர்த்து ஒட்டியிருந்தது.

"முடிஞ்சிச்சு. துணி மடிக்கப் போக வேண்டியதுதான்" என்றாள் அக்கா மகள். அவள் தாயின் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்கா உள்ளே போய்ச் சட்டி நிறையத் தணல் கொண்டுவந்து சுவரடியில் வைத்தாள். ஒரு அட்டையை எடுத்து விசிறினாள். பக்கத்து வீட்டுப் பெண் தலைமுடி காய வைக்கும் மெஷினோடு வந்தாள்.

"சொவத்துக்கே மேக்கப்பா? அடுத்து பவுடரும் போடுவீங்க போல" என்றபடி அவளும் ஒரு மூலையிலிருந்து தொடங்கினாள்.

அதற்குள் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறியது. சுவர் காய்வது இன்னும் மெதுவானது. கையை வைத்துப் பார்ப்பேன், நாலு வீடு தள்ளிப் போவேன், திரும்பி வந்து மறுபடி கை வைப்பேன்.

"தம்பி, கொஞ்சம் ஒரு எடத்துல நில்லு. நீ நடக்குற நடையில சொவத்துக்கே தல சுத்துது" என்றாள் அக்கா.

சுவர் ஒரே வெள்ளையாக ஆனபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எல்லாம் கெட்டது என்று நினைத்தேன். அக்கா மகளோ வானத்தைப் பார்த்துச் சிரித்தாள். பனியில் எங்கும் நிழலே இல்லை, உரிப்பதற்கு வெயிலும் இல்லை. அவசரமாகச் சுற்றி எடுத்தாள். இந்தத் தடவை திட்டு இல்லை.

"காலை வெயில் போடு, பாப்போம்" என்றாள் அக்கா.

போட்டாள். வாசல்படி மஞ்சளாக ஒளிர்ந்தது. அக்கா குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"இப்பிடித்தான் விழுமா? இது விழுகுற நேரம் நான் மலையில கொழுந்து பறிச்சுக்கிட்டு நிப்பேன்."

திங்கள் காலை அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வாரம் எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. பழைய கோப்புகளைத் திறந்து நிழல்களைப் பார்த்துவிட்டு மூடினேன். போன் அடித்தபோதெல்லாம் எழுந்து நின்றேன்.

கடைசியில் அவள் கூப்பிட்டாள். தேறிவிட்டாள். அடுத்த மாதத்திலிருந்து சம்பளம்.

"ஆனா அதே வீட்டத்தான் முதல் வேலைக்கும் கேக்குறாங்க மாமா. சொவரு ரொம்பப் புதுசா இருக்காம். பொகை புடிச்ச மாதிரி வேணுமாம்."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'என் சொவத்துல ஒருத்தனும் கரி பூச முடியாது, வேணும்னா கம்ப்யூட்டர்லயே பூசிக்க'ன்னுட்டாங்க. அந்தக் காத்தடிச்ச வீடியோ இருக்குல்ல, அதுல கரி நல்லா விழுந்திருக்கு. அனுப்புறீங்களா?"

அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. வெள்ளைச் சுவரில் எங்கள் பழைய கரி, நிலா வெளிச்சத்தில். படத்தின் ஓரத்தில் நான் அனுப்பிய கோப்பின் பெயர் தெரிந்தது. நான் வைத்த தேதி போய், 'கரி' என்று மட்டும் இருந்தது. அக்காவிடம் அதைக் காட்டலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.