நிரப்பக் கூடாத பள்ளம்

ஜெறோம் அண்ணை மறைந்த செய்தி வந்தபோது நான் உயிலங்குளத்தில் ஒரு மதகடியில் நின்றிருந்தேன். கந்தோர்ச் சாரதிதான் அழைத்தார். "மிஸ், ஜெறோம் சேர் இண்டைக்கு விடிய மோசம்போயிட்டார்." அவருடைய நோய் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இருந்தும், அந்த மதகின் மட்டம் சரியா என்று பின்னேரம் அவரிடம் கேட்கலாம் என நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் வடிகால் பொறியியலாளர், நான் திட்டமிடல் பகுதி. பல வருடங்கள் ஒரே கந்தோரில் வேலை செய்தோம். இரங்கல் உரைகளில் அவரை எல்லோருக்கும் இனியவர் என்றார்கள். இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கும், அவரை அறிந்த உங்களுக்கு அது உண்மையல்ல என்று தெரியும். புது வீட்டுக்காரர்கள் வளவுக்கு மண் போட்டு உயர்த்தும்போது வாசல் படலையில் போய் நின்று, "உங்கட தண்ணியை எந்த வீட்டுக்கு அனுப்பப் போறியள்?" என்று கேட்பார். அப்படிக் கேட்பவரை யாருக்குப் பிடிக்கும்?

உப்புக்குளத்துக்கு அப்பாலுள்ள வீட்டுத்திட்டத்தில், மழைத்தண்ணீர் தங்கி மெல்ல வடிய ஒரு தாழ்ந்த நிலத்தை வெறுமையாக விடச் செய்தவர் அவர். சனம் அதைப் பள்ளம் என்றது. முதலில் குப்பை வந்தது, பிறகு வேலிகள் ஒவ்வொரு அடியாக உள்ளே நகர்ந்தன. நாங்கள் அனுப்பிய கடிதங்கள் பலன் தரவில்லை. ஒருநாள் அவர் தானே நின்று அங்கே உதைபந்தாட்டக் கோல் கம்பங்களை நடுவித்தார். "பந்தடிக்கிற இடத்தில ஒருத்தரும் வேலி போடமாட்டினம், மிஸ்." நான் நம்பவில்லை. ஆனால் வேலிகள் பின்வாங்கின.

நாங்கள் யோசிக்காதது அடுத்த மாரிக்கு முன் நடந்தது. மழைக்காலத்திலும் விளையாட வேண்டுமென்று விளையாட்டுக் கழகம் காசு சேர்த்து, பள்ளத்தைக் கிறவல் மண் போட்டு நிரப்ப ஆயத்தமானது. கூட்டத்தில் கழகத் தலைவர் அன்ரன் எழுந்து, "கம்பம் நட்டுத் தந்தது நீங்கள்தானே, சேர்? மாரிக்கு வள்ளத்தில நிண்டோ விளையாடுறது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஓம், கம்பம் நட்டது என்ர பிழைதான்," என்றார் ஜெறோம் அண்ணை. "கோடை உங்கட மட்ச், மாரி தண்ணியின்ர மட்ச். நான் சொல்லுறதை நம்ப வேண்டாம். மழை பெய்யேக்க வாங்கோ."

பெருமழை பெய்த ஒரு மத்தியானம் அன்ரனுடன் நாங்கள் இருவரும் வீட்டுத்திட்டத்தின் கடைசி வரிசைக்குப் போனோம். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய பார்வதி அக்காவின் வீடுதான் அங்கே ஆகத் தாழ்ந்தது. பள்ளம் நிறைந்து, தண்ணீர் அவர் வாசற்படியைத் தொட்டு நின்றது. உள்ளே, கல் வைத்து உயர்த்திய கட்டிலில் அரிசி மூட்டை இருந்தது. ஜெறோம் அண்ணை எதையும் விளக்கவில்லை. பார்வதி அக்காதான் அன்ரனைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, கிறவல் கொட்டுறதா இருந்தா முன்னாடியே சொல்லிருங்க. கட்டிலுக்கு அடியில இன்னும் ரெண்டு கல்லு வைக்கணும்."

அன்ரன் படியில் தண்ணீர் தொட்டிருந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு கைத்தொலைபேசியை எடுத்து, "கிறவல் ஏத்தின உழவு மெசினைத் திருப்பு. ஒண்டும் இறக்க வேண்டாம்," என்றார். திரும்பும் வழியில், "கோடையில நல்லா அடியுங்கோ," என்று மட்டும் ஜெறோம் அண்ணை சொன்னார். அந்த மாரியில் பார்வதி அக்காவின் வீட்டுக்குள் தண்ணீர் ஏறவில்லை. அதற்காக ஜெறோம் அண்ணையை யாரும் பாராட்டியதாக எனக்கு ஞாபகமில்லை. வராத வெள்ளத்தை யார் கண்டது?

சேமக்காலையில் அவரை அடக்கம் செய்து மண் போட்டு முடிந்ததும் சிலர் கூடி, அவர் பெயரில் ஒரு பொது மண்டபம் கட்டவேண்டும் என்றார்கள். வெறுமையாகக் கிடக்கும் காணி என்று அவர்களுக்குத் தோன்றியது அந்தப் பள்ளம்தான். அழுது வீங்கிய கண்களோடு, மெய்யான அன்போடு கேட்டார்கள். கோரிக்கை இப்போது என் மேசையில் இருக்கிறது.

அதை எழுதிய நீங்களும் இதை வாசிப்பீர்கள். அவருடைய படத்தைக் கந்தோரில் மாட்டுங்கள், கோடையில் அவர் பெயரில் ஒரு சுற்றுப்போட்டி வையுங்கள். நிலத்தை வெறுமையாகவே விட்டுவிடுங்கள். கேட்பவர்கள் நல்லவர்களாக இருக்கும்போதும் "இல்லை" என்று எழுதுவது, அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது. இன்று காலை அப்படித்தான் எழுதிக் கையெழுத்திட்டேன்.