படர்தாமரையும் ஒரு சிங்கமும்

எங்கள் வீட்டில் யாருக்கு எந்த நோய் வந்தாலும் மருந்துக்கு முன்னால் ஒரு வழக்கு நடக்கும். அம்மா ஒரு பெயர் சொல்வாள், நைனா இன்னொரு பெயர் சொல்வார். நோயாளி நடுவில் நிற்க வேண்டும். நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அப்படித்தான் சொறிந்துகொண்டு நின்றேன். இடது முழங்கைக்குக் கீழே பத்து ரூபாய் நாணயம் அளவில் ஒரு வட்டம், ஓரம் சிவந்து தடித்திருந்தது. ஒரு வாரமாக மாடிப்படிக்கு அடியில் ஒரு பூனைக்குட்டியை மடியில் வைத்துக் கொஞ்சிய விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஷேர் ஆட்டோ ஓட்டும் நைனா அதைப் படர்தாமரை என்றார். அம்மா அக்கி என்றாள். அக்கி வந்தால் எங்கள் பக்கத்தில் பானை செய்கிறவர்களிடம் போவார்கள். அவர்கள் காவியைக் குழைத்து, புண்ணின் மேல் சிங்கம் எழுதுவார்கள். சிங்கத்தைப் பார்த்து அக்கி ஓடிவிடும் என்று நம்பிக்கை. நான் உடனே அம்மா கட்சியில் சேர்ந்துவிட்டேன். நைனாவின் கட்சியில் வெறும் களிம்புதான் இருந்தது.

வழக்கு முடிவதற்குள் டீச்சர் வட்டத்தைப் பார்த்துவிட்டார். சரியாகும்வரை கதவோரம் இருக்கும் தனி பெஞ்சில் உட்காரச் சொன்னார். ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒட்டி உட்கார்ந்திருந்த கீர்த்தனா நாலு வரிசை தள்ளிப் போனாள். அன்று மதியம் தயிர்சாதத்தைத் தனியாகத் தின்றேன். என்னை எல்லோரும் ஒதுக்கிவிட்டார்கள் என்று தோன்றி, பாதிச் சோற்றில் அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலை அம்மா என்னை மண்பாண்டம் செய்யும் ஓர் அம்மாவிடம் அழைத்துப் போனாள். அவர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது அக்கி இல்லீங்க. அக்கின்னா கொப்புளம் கொப்புளமா வரும். இது வட்டமா சுத்திகினு போவுது, படர்தாமரை. டாக்டராண்ட காட்டுங்க.”

அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. வழக்கில் நைனா ஜெயித்துவிட்டாரே. ஆனால் அங்கே வாய்விட்டு அழுதவள் நான்தான். சிங்கம் இல்லாமல் வீட்டுக்கு வரமாட்டேன் என்று பானைகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே இறகைக் காவியில் தோய்த்து, ஒன்றுமே இல்லாத என் வலது கையில் ஒரு சிங்கம் எழுதிவிட்டார். வால் முழங்கைவரை வந்தது. முகம் கொஞ்சம் எங்கள் தெரு நாயைப் போல இருந்தாலும் நான் குறை சொல்லவில்லை.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் வட்டத்தைப் பார்த்ததுமே இது ஒருவகைப் பூஞ்சை, காளான் ஜாதி என்றார். மழை பெய்தால் கையில் குடை முளைக்குமா என்று கேட்கலாமா வேண்டாமா என யோசித்துக்கொண்டிருந்தேன். “வட்டம் மறைஞ்சாலும் களிம்பை நிறுத்தக் கூடாது. துண்டு தனியா வெச்சுக்கோங்க. தோலோட தோல் பட்டா ஒட்டிக்கும்” என்றார் அம்மாவிடம்.

பள்ளியில் சிங்கத்துக்கு நல்ல பெயர் கிடைத்தது. எல்லோரும் இரண்டடி தள்ளி நின்றே பார்த்தார்கள். கீர்த்தனா மட்டும் இன்டர்வெல்லில் குழாயடிக்கு வந்து, வட்டம் எப்படி வந்தது என்று கேட்டாள். டாக்டர் சொன்னதை நானே டாக்டர் மாதிரி சொன்னேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் இடது கையைப் பிடித்து, தன் மணிக்கட்டை அந்த வட்டத்தில் வைத்து அழிரப்பரால் தேய்ப்பது போலத் தேய்த்தாள்.

“உனக்கு வந்தாலும் சிங்கம் எழுத மாட்டாங்க. அது எனக்கு மட்டும்தான்” என்றேன்.

“ஆங், சரி” என்று ஓடிவிட்டாள்.

பத்துப் பன்னிரண்டு நாளில் அவள் மணிக்கட்டிலும் வட்டம் வந்தது. டீச்சர் கண்டுபிடிக்கும்வரைகூட அவள் காத்திருக்கவில்லை. தானே போய்க் கையை நீட்டிக் காட்டிவிட்டு, புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி என் பெஞ்சுக்கு வந்துவிட்டாள். என் சிங்கத்தின் மேல் பொறாமைப்பட்டு வந்தவள் என்று எனக்கு ஒரே கோபம். இரண்டு நாள் நடுவில் பையை வைத்து அணை கட்டினேன். மூன்றாம் நாள் அவள் டப்பாவில் உருளைக்கிழங்கு வறுவல் இருந்ததால் பையை எடுத்தேன்.

அன்று சாயங்காலமே அவள் அம்மா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். “உங்க பொண்ணு தனியா ஒக்காந்துகினு அழுவுதுன்னு இது வீட்ல சோறே துன்னல. இப்ப வேணும்னே ஒட்ட வெச்சிகினு வந்து நிக்குது. இத நான் என்னான்னு சொல்றது?” என்றார். அம்மா அவருக்குக் காபி கொடுத்தாள். களிம்பின் பெயரையும் எழுதிக் கொடுத்தாள்.

இதையெல்லாம் நான் கதவுக்குப் பின்னால் நின்று ஒரு சொல் விடாமல் கேட்டேன். அதற்குப் பிறகும் எனக்குப் புரியாதது ஒன்றுதான். இவ்வளவு கஷ்டப்பட்டு வட்டத்தை வாங்கிக்கொண்டவள், ஏன் ஒருநாள்கூடத் தன் அம்மாவிடம் சிங்கம் எழுதக் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்கவில்லை? மறந்துவிட்டாள் போலிருக்கிறது, சரியான மறதிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.